நான்கு விரல் இரும்பு

விதுஷன் வாசலில் வந்து நின்றபோதே நிலனுக்கு முகம் கோணிவிட்டது. சுவிஸின் ஆரா நகரில் தமிழர்கள் பலர் தங்கள் சிக்கல்களைச் சிவகலாவிடம்தான் கொண்டுவருவார்கள். காப்புறுதிக் கம்பனியில் சேதம் மதிப்பிடும் வேலை அவளுக்கு. பொய் சொல்பவர்களைப் பார்த்துப் பழகியவள். நிலன் அவளுடைய கணவன், கூடவே தன்னைத்தானே நியமித்துக்கொண்ட துணைத் துப்பறிவாளன். யார் வந்தாலும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பவன்தான். ஆனால் "கலா" என்று உரிமையோடு கூப்பிட்டுக்கொண்டு வந்த இந்தப் பழைய வகுப்புத் தோழனைக் கண்டதும் கதவைப் பாதிதான் திறந்தான்.

விதுஷன் கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினான். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் கழகம் ஒன்றில் அவன் உறுப்பினன். அவனுடைய அரைத் தானியங்கி ஷொட்கன் எனும் சிதறுகுண்டுத் துவக்கின் குழல் நுனியை யாரோ அறுத்திருந்தார்கள். காலையில் இரும்புப் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டானாம். அனுமதியில்லாமல் குழலைக் குறுக்குவது குற்றம். அடுத்த கிழமை அவனுக்குச் சுவிஸ் குடியுரிமை நேர்காணல்; வழக்கு ஒன்று வந்தால் அது கைவிட்டுப் போய்விடும்.

இதற்குமேல் தன் வாயாலும் அவன் கெட்டிருந்தான். கீழ்வீட்டில் கள்ளன் புகுந்த பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில், குழலைக் குறுக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன், கள்ளன் வரட்டும் பார்ப்போம் என்று எல்லாருக்கும் கேட்கப் பகிடி விட்டிருந்தான். இனி யார் அவனை நம்புவார்கள்?

சிவகலா இரண்டே கேள்விகள் கேட்டாள். பெட்டிச் சாவி இருக்கும் இடம் யாருக்குத் தெரியும் என்றதற்கு, மனைவி சரணியாவுக்கும், வார இறுதிகளில் வந்து தங்கும் அவளுடைய தம்பி அபிசனுக்கும் தெரியும் என்றான். அபிசன் வெப்பக் குழாய் பொருத்துபவன். போன வருடம் அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் தள்ளப்பட்டதிலிருந்து விதுஷனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. துவக்கில் அண்மையில் ஏதும் மாற்றமா என்றதற்கு, புதுச் 'சோக்' மட்டும்தான் என்றான் விதுஷன். குண்டுகள் எவ்வளவு அகலமாகச் சிதற வேண்டும் என்பதை அடக்கி வைக்க, குழல் வாயில் திருகிப் பூட்டும் சிறு குழாய் அது. கழகத்து ரெகுலா பரிசாகக் கொடுத்தாளாம். பொன்னிறம், ஒரு விரல் அளவு வெளியே துருத்தி நிற்கும், அதில் 'விதுவுக்கு, ரெகுலா' என்று வெட்டியிருக்கும்.

விதுஷன் முன்னே கிளம்பிப் போனபின், அவன் வீடு இருந்த அட்லிஸ்வில்லுக்குப் போகும் ரயிலில் நிலன் தீர்ப்பே சொல்லிவிட்டான். விதுஷனே அறுத்துவிட்டு இப்போது பயந்து நாடகம் ஆடுகிறான்.

"அது உம்மட ஆசை. ஆதாரம் இல்லை," என்றாள் சிவகலா.

வீட்டில் துவக்கைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். அறுத்த விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது. இரும்பறுக்கும் வாள் வழுக்கிய கீறல்கள் வேறு. பிறகு மூவரையும் மேசையைச் சுற்றி இருத்தினாள். சரணியா கோப்பி ஊற்றினாள். அபிசன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"விதுஷன் இதைச் செய்யேல்லை," என்று சிவகலா ஆறுதலாகத் தொடங்கினாள். "இந்தத் துவக்குக்குக் கட்டையான குழல் கடையிலேயே கிடைக்கும். மாத்திப் பூட்ட ஒரு நிமிசம் போதும் எண்டு இவருக்குத் தெரியும். அபிசனும் இல்லை. நாள் முழுக்கக் குழாய் அறுக்கிற கை இப்பிடி வழுக்காது, அறுத்த பிசிறை அராவாமலும் விடாது."

நிலன் தன் தீர்ப்பைக் கோப்பியோடு விழுங்கினான்.

"குழலைக் குறுக்கவேணும் எண்டு வந்த ஆள் ஒரு சாணாவது வெட்டும். இஞ்சை போனது நாலு விரல்தான். வெட்டின துண்டையும் காணேல்லை. அந்த ஆளுக்குத் துவக்கு தேவைப்படேல்லை, நுனியில கிடந்ததுதான் தேவைப்பட்டது. சோக் திருகினாக் கழலும் எண்டு துவக்குப் பழகின எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆள்தான் அறுக்கும்."

சரணியா உள்ளே போய், கைக்குட்டையில் சுற்றிய நான்கு விரல் இரும்பைக் கொண்டுவந்து வைத்தாள். பொன்னிற விளிம்பில் அந்தப் பெயர் மினுங்கியது.

"எங்கட சுடுற குழுவில ஆறு பேருக்கும் அவ குடுத்தவ, சரணியா," என்றான் விதுஷன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீங்கள் சிரிச்சிருப்பியள்," என்றாள் அவள். "பகிடிக்கெண்டாலும் கட்டிலுக்குப் பக்கத்தில வைக்கிறன் எண்டியள். அந்தப் பேரை என்ர கட்டிலுக்குப் பக்கத்தில வைக்கவோ?"

துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பொலிசுக்குத் தானே போய்ச் சொல்லப்போவதாகச் சரணியா சொன்னாள். முதலில் எழுந்து சப்பாத்தை மாட்டியவன் அபிசன். அக்காவைத் தனியே விடமாட்டேன் என்றான். வாசலில் நின்று, அத்தான், நேர்காணலுக்கு நல்லாப் படியுங்கோ என்று முணுமுணுத்தான்.

திரும்பும் ரயிலில் நிலன் யன்னல் பக்கம் உட்கார்ந்தான். சரணியாவின் முகம் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்தப் பொறாமை எப்படியிருக்கும் என்று அந்த மேசையில் அவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. கடைசியில் சிவகலாவின் பக்கம் திரும்பினான்.

"விதுஷன் பள்ளிக்கூடத்தில உம்மை விரும்பினவரோ?"

"ஓம்," என்றாள் சிவகலா.

"நீர்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு வருசம்."

நிலன் தள்ளி உட்காரப் பார்த்தான். ஆனாலும் சிவகலா அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீர் வாய்விட்டுக் கேட்டிட்டீர். இப்ப முழுக்கச் சொல்லுறன், கேளும்," என்றாள்.