இன்னொரு தடவை குளி

மார்கழி மாலை. வேங்கிக்காலிலிருந்து வந்த அபிநயா அடி அண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். சுடிதார் முழுக்க மஞ்சள் பொடி. கதிர்வீச்சுக் குண்டு வெடித்தால் என்ன செய்வது என்று அன்று மைதானத்தில் ஒத்திகை. நர்சாயிற்றே, அடிபட்டவளாகப் படுத்துக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். கதிர்வீச்சுத் தூள் என்று மேலே தூவிய பொடியைத் தட்டிவிட்டு அப்படியே கிளம்பிவிட்டாள்.

தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அவள் வீட்டுக் கதவும்தான்.

ஒத்திகை வீடியோ அவளுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. 'திருவண்ணாமலையில் அணுகுண்டு, தொட்டால் சாவு' என்று எந்தப் புண்ணியவானோ எழுதி அனுப்பியிருந்தான். ஓரகத்தி கஸ்தூரிக்குப் போனில் வருவதெல்லாம் வேதவாக்கு. உள்ளே அவள் மகள் கவியா வேறு இருந்தாள். வீட்டு ஆண்கள் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

"கிட்ட வராத. பின்பக்கமா போயி தொட்டியில குளி."

"அது வெறும் கலர் கோலப்பொடிதான்க்கா. நெஜமான தூளா இருந்தாக்கூட, துணிய கழட்டிட்டு சோப்பு போட்டுக் குளிச்சா முக்காவாசி போயிடும். சளி மாதிரி ஒட்டிக்கிற வியாதி இல்ல அது."

கஸ்தூரி பின்பக்க ஜன்னல் வழியாகப் பழைய புடவையை வீசினாள். அபிநயா குளித்தாள்.

"இன்னும் போகல. இன்னொரு தடவ குளி."

குளித்தாள். மறுபடியும் குளித்தாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. அபிநயாவுக்கு வீசிங் உண்டு. மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது.

"அக்கா... அலமாரில என் பஃப் இருக்குது... குடுங்கக்கா."

கஸ்தூரி அந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போனாள். கம்பிக்குள் ஈரக் கை ஒன்று நீண்டது. ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

"குளி!"

கொஞ்ச நேரத்தில் சொம்புச் சத்தம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது கஸ்தூரிக்கு.

வேலையிலிருந்து வந்த ஆண்கள்தான் தொட்டி ஓரத்தில் அவளைப் பார்த்தார்கள். கையில் சொம்பு அப்படியே இருந்தது. பொடி கோலப்பொடியேதான். கஸ்தூரி தினமும் வாசலில் போடுகிற அதே பொடி.

கருமாதி முடிந்தது. மறுநாள் மாலை கஸ்தூரி விளக்கேற்றும்போது பின்பக்கம் சொம்புச் சத்தம் கேட்டது. அபிநயாவின் சோப்பு வாசனை வீடெல்லாம் பரவியது.

கவியா பாடம் எழுதிக்கொண்டிருந்த இடத்தில் இல்லை.

அன்றிலிருந்து திறக்காத ஜன்னலைத் திறந்தாள். குழந்தை தொட்டியருகே யூனிபார்மோடு நின்று, மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. காலடியில் ஓடிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"கவியா! உள்ள வாடி!"

"சித்தி வேணாம்ங்கறாங்கம்மா. இன்னும் போகலையாம்."

குழந்தையின் மூச்சு விசில் அடித்தது. அதுவரை அவளுக்கு வீசிங் வந்ததே இல்லை.

கஸ்தூரி அலமாரியைத் துழாவினாள். பஃப் இல்லை. பின்கதவுக்கு ஓடினாள். அவளே போட்ட தாழ்தான். இழுத்தாள், இடித்தாள், அசையவில்லை.

வெளியே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"அம்மா... மூச்சு..."

கஸ்தூரியின் பிடரியில் சில்லென்று ஈரம் சொட்டியது. வீட்டுக்குள்ளேயே, காதோரமாக, யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"இன்னொரு தடவ குளிக்கட்டும்க்கா."

சொம்புச் சத்தம் நின்றது.