இடது கன்னம்

விளக்கை அணைத்தால் மட்டுமே ஜீவமணிக்கு இடது கன்னம் அரித்தது. வெளிச்சத்தில் ஒன்றுமில்லை. வலது கன்னம் தன் பாட்டுக்குக் கிடந்தது. முதலில் கண்ணீர் உப்பு என்றுதான் நினைத்தாள். அழுது அழுது காய்ந்த முகம், மில்லர்புரத்துக் கடற்காற்று வேறு, அரிக்காமல் என்ன செய்யும்? ஆனால் இரண்டு கண்ணாலும்தானே அழுதாள்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம் அது. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் பொழுது சாய்ந்தபின் ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. விளக்கு வைக்கும் நேரத்தில் விளக்கை அணைக்கிற ஊராகிவிட்டது தூத்துக்குடி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம். காற்று திரும்பும்போது சங்குக் கிடங்கில் சதை அழுகும் வாடை எப்படியோ உள்ளே வந்துவிடும், பிறகு வெளியே போக வழி தெரியாமல் பாயிலும் தலையணையிலும் உட்கார்ந்துகொள்ளும். அந்த இருட்டிலும் வாடையிலும்தான் அவள் மகள் ஜெபசெல்வி இல்லாமல் படுத்துப் பழக வேண்டியிருந்தது.

ஐந்து வயதுப் பிள்ளை. தொண்டை அடைப்பான் வந்து மூச்சுக்குத் திணறித் திணறி அடங்கிப்போனாள். பெட்டியை மூடுமுன் வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து கடைசி முத்தம் கொடுக்கிற வழக்கம். மற்றவர்கள் நெற்றியில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்கள். ஜீவமணி நிமிரவில்லை. தன் இடது கன்னத்தைப் பிள்ளையின் கன்னத்தோடு வைத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். சபை ஐயர் ஜெபத்தை முடித்தார், பிறகு அவராகவே இன்னொரு ஜெபம் தொடங்கினார், அதுவும் முடிந்தது. பெண்கள் சேர்ந்துதான் அவளைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் குளிர்ச்சி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. தண்ணீரிலும் கல்லிலும் இல்லாத குளிர்ச்சி அது.

கன்னத்தில் சிவப்புத் தடிப்பு விழுந்ததைப் பார்த்த புருஷன் கிருபாநிதி ஒரு பகலில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே லேபரட்டரியில் அவனுக்கு வேலை, நாள் முழுக்க மலேரியா ரத்தம் பார்ப்பது. கன்னத்தைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப்பில் அவளையே பார்க்கச் சொன்னான். ஒளிவட்டத்துக்குள் நீள நீளமாக, அரிசிப் புழுவின் குஞ்சுகள் போல ஏதோ கிடந்தன. முன்பாதியில் கட்டைக் கால்கள். ஒன்று மெதுவாகக் காலை அசைத்தது.

"பயந்துராத. உண்ணி வகைதான். எல்லார் மூஞ்சியிலயும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது," என்றான். "பகல்ல மயிர்க்காலுக்குள்ள தலைகீழாக் கிடக்கும். இருட்டினா மேல வந்து நடக்கும். உனக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

"பிள்ளையளுக்கும் உண்டாங்க?"

"பிறக்கையில கிடையாது. தாய் கன்னத்தோட கன்னம் வச்சுக் கொஞ்சுதால்லா, அப்பம் ஏறும்."

"பிள்ளை போயிட்டுன்னா?"

அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகிய மனுஷன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

"உடம்பு ஆறினா அதுக்கு அங்கன பிழைப்பு இல்ல. பக்கத்துல சூடான தோல் கிடைச்சா ஏறிரும்."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அவசரமாகக் கந்தகக் களிம்பு டப்பா ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான். "இதை ராத்திரி தேய்ச்சுட்டுப் படு. எல்லாம் போயிரும்."

போயிரும் என்ற சொல்லைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

களிம்பை அவள் தேய்க்கத்தான் செய்தாள், வலது கன்னத்தில். வீட்டில் கந்தக நெடி அடிக்கிறதா, அவனுக்குத் திருப்தி. இடது கன்னத்தில் சோப்பு படவில்லை, தண்ணீர் படவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடிய பிள்ளையிடமிருந்து உயிரோடு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். அதையும் கழுவிவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பிறகு அவள் இருட்டுக்குக் காத்திருக்கத் தொடங்கினாள். கறுப்புக் காகிதத்தின் ஓரத்தில் கடைசி வெளிச்சம் மங்கும்போதே கன்னத்துத் தோல் கூசும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஊர்ந்தது. போகப் போக ஒரே தடத்தில். காதோரத்தில் தொடங்கி வாயோரம் வரை, திரும்பக் காதோரத்துக்கு. ஜீவமணிக்கு அந்தத் தடம் தெரியும். தூக்கம் வரும்போது ஜெபசெல்வி அம்மாவின் கன்னத்தில் ஒற்றை விரலால் இழுக்கிற கோடு அது. கண் செருகும்வரை இழுத்துக்கொண்டே இருப்பாள்.

"தூங்கு மக்கா," என்றாள் ஜீவமணி, இருட்டில். ஊர்வது நின்றது.

அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பயந்தாள். ஆனாலும் அடுத்த நாள் இன்னும் முன்னதாகவே விளக்கை அணைத்தாள்.

சின்னவன் பொன்னுதுரை இன்னும் தவழத் தொடங்கவில்லை. அவனை எப்போதும் வலது தோளில்தான் போட்டாள், வலது பக்கமாகத்தான் கிடத்தினாள். கந்தக நெடிக்கு அவன் முகத்தைச் சுளித்துச் சுளித்து அழுவான். இடது பக்கம் மாற்ற மாட்டாள். அவனுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதில்லை. அவளிடமிருந்து அவன் எடுத்துக்கொள்வான் என்பதுதான் பயம். பெற்ற பிள்ளையிடம் இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று தன்னையே வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே அவனை வலது தோளுக்கு மாற்றினாள்.

அன்று கிருபாநிதிக்கு ஏ.ஆர்.பி. டூட்டி. தெருவில் எந்த வீட்டிலாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து வரும் வேலை. அவன் கிளம்பியதும் பிள்ளையை வலது பக்கம் கிடத்திவிட்டுப் படுத்தாள். கிடங்கு வாடை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. தூரத்தில் அலை. கந்தக நெடிக்குப் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது ஏதோ குறைந்தது.

கன்னம் அரிக்கவில்லை.

காத்திருந்தாள். ஊரவில்லை. கூசவில்லை. விரலால் தொட்டாள். விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. கிள்ளினாள். ஒன்றுமில்லை.

குளிர்ச்சி. அவளுக்குத் தெரிந்த குளிர்ச்சி.

உடம்பு ஆறினால் இறங்கிவிடும் என்று அவன் சொல்லியிருந்தான்.

வலது பக்கம் கையால் துழாவினாள். பாய் வெறுமையாக இருந்தது. இடது பக்கம், தலையணையை ஒட்டி, சின்ன மூச்சு. நெடி பிடிக்காமல் அவளைச் சுற்றி எப்படியோ உருண்டு வந்திருக்கிறான். தானாகத்தான் உருண்டானா? இன்னும் குப்புற விழவே கற்காத பிள்ளை.

தீப்பெட்டியைத் தேடினாள். இரண்டு குச்சி ஒடிந்தது. விளக்கைப் பொருத்திப் பார்த்தாள்.

பொன்னுதுரை விழித்திருந்தான். அழவில்லை. கன்னத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு, காதோரத்திலிருந்து வாயோரம் வரை.

களிம்பு டப்பாவைத் திறந்தாள். தேய்த்தால் போய்விடும். இவனாவது மிச்சப்படுவான். களிம்பை விரலில் வழித்துக்கொண்டு அவன் மேல் குனிந்தாள்.

பிள்ளை கையைத் தூக்கினான். நான்கு விரலும் மடங்கியிருந்தது. ஒற்றை விரல் மட்டும் நீண்டு அவளுடைய இடது காதோரத்தைத் தொட்டது. மெதுவாகக் கன்னத்தில் இறங்கி வாயோரத்தில் நின்றது. திரும்பக் காதுக்குப் போனது.

அவள் கண்ணால் பார்த்தாள். கன்னத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் எதற்காகக் கழுவாமல் கிடந்தாளோ அது வந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. அழுகை வந்தது. வலது கண்ணில் மட்டும் வந்தது. இடது இமை அசையவே இல்லை.

"ஏளா செல்வி," என்றாள்.

விரல் நின்றது.

வெளியே செருப்புச் சத்தம். கறுப்புக் காகிதத்துக்கு அந்தப் பக்கம் கிருபாநிதியின் குரல் தாழ்ந்து கேட்டது. "ஜீவா, கதவு இடுக்குல வெளிச்சம் தெரியுது. அமத்து."

"இந்தா அமத்துதேன்."

"பிள்ளை தூங்குதானா?"

ஜீவமணி விரலிலிருந்த களிம்பைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள்.

"தூங்குதான்," என்றாள்.

செருப்புச் சத்தம் தெருவில் போய் மறைந்தது. அவள் முந்தானையால் விரலைத் துடைத்தாள். பிறகு வலது கன்னத்தை. கந்தகம் ஒரு பொட்டு இல்லாமல், தோல் எரிய எரியத் துடைத்தாள். விளக்கை ஊதி அணைத்துவிட்டு, இன்னும் சூடாக இருந்த அந்தக் கன்னத்தைப் பிள்ளையின் பக்கம் கொடுத்துப் படுத்தாள்.

"வா மக்கா."

சின்ன விரல் காதோரத்தில் தொடங்கியது. அது தொட்ட இடமெல்லாம் ஆறிக்கொண்டே வந்தது.