பின்சீட்டில் இருந்தவள்

பூவிழிக்கு வேலை போட்டிருந்த துணை சுகாதார நிலையம் முள்ளியாற்றங்கரையில், பஸ் எட்டிப்பார்க்காத ஒரு கிராமத்தில் இருந்தது. சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் பல வருடங்கள் நர்ஸாக இருந்தவள், அரசு வேலை கிடைத்ததும் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்திலிருந்த சொந்த ஊருக்கே திரும்பிவிட்டாள். கணவனைப் பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஊரில் அம்மா அம்சவல்லி மட்டும்தான். தம்பி பரிதி சிங்கப்பூரில் இருந்தான்.

மாட்டுக்கொட்டகையின் மூலையில் அவளுடைய மோட்டார் சைக்கிள் சாக்குக்குள் நின்றது. நர்ஸிங் படித்த காலத்தில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வண்டி. கல்யாணமாகிப் போகும்போது தம்பியிடம் விட்டுப்போனாள். அவன் கொஞ்சகாலம் ஓட்டிவிட்டு, திடீரென்று ஒருநாள் அதை மூடிவைத்துவிட்டானாம். ஏன் என்று கேட்டதற்கு அம்மா உலையைப் பார்க்க எழுந்துபோனாள்.

கடைத்தெரு மெக்கானிக் இளையபெருமாள் வண்டியை எடுத்துப்போய், எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து, டயரும் செயினும் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்று சாயங்காலமே பூவிழி அதை ஆற்றங்கரைச் சாலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

கை எல்லாவற்றையும் மறந்திருந்தது. கிளட்சைச் சட்டென்று விட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. கியர் மாற்றக் குனிந்து பார்த்தால் ஹேண்டில் ஆடியது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் பால் பிடித்து நின்ற சம்பா வயல். எந்தப் பக்கம் விழுந்தாலும் சேறுதான் என்று சிரித்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் இரண்டாவது கியரில் கொஞ்சதூரம் தொடர்ந்து ஓட்டினாள். பழைய சந்தோஷம் தோளில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

மறுநாள் அதே சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி பின்னால் அமுங்கியது.

யாரோ ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்த மாதிரி.

அவள் பிரேக்கை அழுத்தித் திரும்பிப் பார்த்தாள். சீட் காலியாக இருந்தது. வயலில் நாரைகள் நின்றன. காற்று இல்லை. ஈரக் கூந்தல் வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையும் மட்டும் முகத்துக்கு மிக அருகில் நின்றன.

டயரில் காற்று குறைந்திருக்கும் என்று நினைத்து இளையபெருமாளிடம் காட்டினாள். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஷாக் அப்சார்பர் புதுசுதான் போட்டேன். தனியா ஓட்டுனா இப்படி அமுங்காது. பின்னாடி யாரை ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

யாரையும் இல்லை என்றாள். வண்டியை அவளிடம் கொடுக்கும்போது தன் முதுகைத் தடவிக்கொண்டார்.

வேலையில் சேரும் நாள் நெருங்கிவிட்டதால் அவளால் பழகுவதை நிறுத்த முடியவில்லை. ஆற்றங்கரையில் தண்ணீரைத் திருப்பிவிடும் மதகு ஒன்று உண்டு, ஊரில் அதைச் சட்ரஸ் என்பார்கள். அங்கே சாலை பிரியும். வலதுபக்கம் பாலத்தைக் கடந்து போனால் டவுன், ஆஸ்பத்திரி. இடதுபக்கம் போனால் அவள் வேலை பார்க்கப்போகும் ஊர். அன்று முதன்முறையாக அந்த ஊர்வரை போய்ப் பார்க்கக் கிளம்பினாள். வானம் மூடியிருந்தது.

பாதிவழியில் பின்சீட் அமுங்கியது. இம்முறை இரண்டு கைகள் அவள் இடுப்பைச் சுற்றி வந்தன.

குளிர்ந்த கைகள்.

அவள் அலறவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கைகள் மெல்ல இறுகின. விலா எலும்பு நோகும் அளவுக்கு இறுகி, அப்படியே நின்று, பிறகு தளர்ந்தன. பிடரியில் நீளமாக ஒரு மூச்சு பட்டது. கொஞ்சதூரம் போனதும் மறுபடி இறுகின. தளர்ந்தன. மறுபடி இறுகின.

இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

எத்தனையோ இரவுகள் கட்டிலோரம் நின்று, தன் கையைப் பற்றிய பெண்களின் பிடியில் இதை எண்ணியவள் அவள். இது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது.

பிரசவ வலி.

சட்ரஸில் இடதுபக்கம் திரும்பினாள். ஹேண்டில் வலதுபக்கம் இழுத்தது. அவள் பலங்கொண்ட மட்டும் திருப்ப, வண்டி சரிந்து கரையோரம் உருண்டது. கருவைப் புதர் ஒன்று தடுத்திருக்காவிட்டால் ஆற்றுக்குள் போயிருப்பாள். கீழே தண்ணீர் கறுப்பாக ஓடியது. மேலே சாலையில் யாரோ ஒரு பெண் மெதுவாக முனகினாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து, அன்று மாலை பரிதிக்குப் போன் செய்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவன் குறுக்கிட்டான்.

"அக்கா, அந்த வண்டியை ஏன் எடுத்த?"

பிறகு, இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாததைச் சொன்னான். எதிர்வீட்டு மருமகள் குந்தவை. பூவிழி ஊரைவிட்டுப் போகும் சமயத்தில் புதுப்பெண்ணாக வந்தவள். அக்கா அக்கா என்று வாசலில் நின்று பேசுவாள். ஒரு ஐப்பசி வெள்ளத்தில் அவளுக்கு வலி கண்டது. எந்த வண்டியும் ஊருக்குள் வரமுடியவில்லை. புருஷன் வெளியூரில். பரிதிதான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சட்ரஸுக்கு அந்தப்பக்கம் கரை உடைத்துக்கொண்டு டவுன் சாலையே தண்ணீரில் போயிருந்தது. திரும்புவதைத் தவிர வழியில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்ல அண்ணேன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சுக்கா. சட்ரஸ்கிட்ட கேக்குறது நின்னுபோச்சு. புடிச்ச கை மட்டும் விடல. வீட்டுக்கு வந்துதான் நாலு பேராப் பிரிச்சு எடுத்தாங்க."

வயிற்றிலிருந்த பிள்ளையும் தாயோடு போய்விட்டது என்றான். வண்டியை எரித்துவிடச் சொன்னான்.

பூவிழி அன்றிரவு தூங்கவில்லை. இடுப்பில் விரல்கள் பதிந்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது. அதைத் தொட்டபோது பயம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. இத்தனை வருடங்களாக அந்த வலி முடியாமலே இருக்கிறது. அப்படியொரு வலியில் கிடப்பவளை விட்டு அவள் எந்த வார்டிலும் நகர்ந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் தூறலில் வண்டியை எடுத்தாள். அம்மா தடுக்கவில்லை, வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பின்சீட் அமுங்கியது. கைகள் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சட்ரஸ் வந்தது. ஹேண்டில் இழுப்பதற்கு முன்பே வலதுபக்கம் திரும்பினாள். பாலத்தைக் கடக்கும்போது பிடரியில் மூச்சு தடுமாறியது. பின்னாலிருந்து காற்றாய் ஒரு குரல்.

"போயிருவோம்ல..."

"போயிருவோம் குந்தவை. மூச்சை இழுத்து விடு."

வார்டில் சொல்வது போலவே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லச் சொல்ல ஹேண்டில் ஆடுவது நின்றது. காலே கியரை மாற்றியது.

ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியின் படிக்கட்டுக்கு முன்னால் எஞ்சினை அணைத்தாள். "வந்துட்டோம். பாத்து இறங்கு" என்றாள்.

கைகள் ஒவ்வொரு விரலாக விட்டன. வண்டியின் பின்பக்கம் முனகலோடு மேலே எழும்பியது. படியில் படுத்திருந்த நாய் எழுந்து, யாருக்கோ வழிவிடுவது போல ஓரமாக ஒதுங்கி நின்றது. விளக்கெண்ணெய் வாசனை கதவுக்குள் போய் மறைந்தது.

பூவிழி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, எதிரேயிருந்த கடையில் டீ குடித்தாள். உள்ளே எங்கோ புதிதாய்ப் பிறந்த குழந்தை ஒன்று வீறிட்டது.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. வண்டி அவள் சொன்னபடி கேட்டது. பின்சீட்டில் பாரமில்லை, இடுப்பில் கை இல்லை. சட்ரஸில் வேகம் குறைக்காமல் திரும்பினாள். தான் முன்னால் இடம் விட்டு, வழக்கத்தைவிடச் சற்றுப் பின்னால் தள்ளி, கைகளை அகட்டி உட்கார்ந்திருப்பதை அவள் கவனிக்கவே இல்லை.

வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

பின்னால் ஹாரன் அடித்தது.

சின்னதாக, ஒரேயொரு தடவை. எட்டாத விரலை நீட்டி யாரோ விளையாட்டாய் அழுத்தியது போல.

அவள் திரும்பவில்லை. கையிலிருந்த சாவி சில்லிட்டது. பெட்ரோல் டாங்கின் மேல் சின்னஞ்சிறு ஈரக் காலால் உதைக்கும் தட் தட் சத்தம் கேட்டது. அதையடுத்து, பின்சீட் அமுங்கும் முனகல். பிறகு, பாலத்தில் கேட்ட அதே குரலில், செல்லமாய் அதட்டும் ஒரு கிசுகிசுப்பு.

"அமுக்காத கண்ணு. பெரியம்மா நாளைக்கும் கூட்டிட்டுப் போவாங்க."