சூப்பர்வைசரும் அம்மாவின் ஏப்ரனும்

"கவி! சூப்பர்வைசர் மறுபடியும் ஒண்ணுக்குப் போய்ட்டாரு!" என்று அப்பா குரல் கொடுத்தார்.

கவிப்ரியா பினாயில் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்பது சும்மா பேச்சுக்குத்தான். காலை இழுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிய கால் அது.

சூப்பர்வைசர் என்பது அந்த நாயின் பெயர். ஆம்பூரில் அப்பா இன்பராஜ் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் வளர்ந்த நாய். எல்லா செக்‌ஷனையும் ஒரு ரவுண்டு வரும், ஒரு வேலையும் செய்யாது. அதனால்தான் அந்தப் பெயர். அது படுத்துக் கிடந்த கழிவுத்தோல் கொட்டகையைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். ஹைவேஸ் ஓரம் லாரிகளுக்கு நடுவில் அது திருதிருவென்று நின்றதைப் பார்த்து, மனசு கேட்காமல் அப்பா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"கம்பெனியில ஒரு சூப்பர்வைசர்கிட்ட படற பாடு பத்தாதா? வீட்லயும் ஒண்ணா?" என்று அன்றைக்கு அம்மா சந்திரா சிரித்தாள். அம்மாவும் அதே கம்பெனிதான். தையல் செக்‌ஷன்.

இப்போதெல்லாம் அம்மா சிரிப்பதே இல்லை.

நல்ல நாய்தான். கடிக்காது, போட்டதைத் தின்னும். ஒரே ஒரு குறை. தெருவில் எவ்வளவு நேரம் நடந்தாலும் ஒரு சொட்டு விடாது. கரண்ட் கம்பம், மணல் மேடு, முள்செடி என்று எதைக் காட்டினாலும் மோந்து பார்க்கும். 'இதெல்லாம் ஒரு இடமா?' என்று கேட்பதுபோலக் கவியைப் பார்க்கும். வீட்டுக்குள் வந்ததும் நேராகப் போய், அம்மா கம்பெனியில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன்மேல் பெய்துவிடும். ஏப்ரன் எட்டவில்லையா, அப்பாவின் வேலைப் பை இருக்கவே இருக்கிறது.

அன்றும் ஏப்ரன்தான். அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடக் கவிக்குப் பரவாயில்லை.

"என்னால முடியலடி," என்றாள் அம்மா மெதுவாக. "நாளெல்லாம் மெஷின்ல குனிஞ்சிட்டு வர்றேன். வந்தா தெனம் இதைத் தொவைக்கணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் எங்கேருந்து கூட்டிட்டு வந்தாரோ அங்கயே உங்கப்பா விட்டுட்டு வரட்டும்."

"அங்க லாரியா போவுதேம்மா!"

அம்மா பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"அதுக்கு உங்கம்மா மேல இன்னாவோ கோவம்," என்றார் அப்பா.

"உங்க பை மேலயும்தான் போவுதுப்பா."

"அப்போ என் மேலயும் கோவம்." அப்பா பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அதே கதைதான். கவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வஜீதா வந்தாள். காவேரிப்பாக்கத்திலிருந்து புதிதாகக் குடி வந்தவள், கவியின் வகுப்புதான். வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள்.

கவிக்கு வெட்கமாகிவிட்டது. "நாய்தான். பினாயில் போட்டும் போவல. ரொம்ப நாறுதா?"

"நாய் இல்லடி, தோல் வாசனை. வீடு பூரா அடிக்குதே!"

"தோலா? எங்க?" கவி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை.

"நெசமாவே தெரியலையா? அதோ, அந்தப் பை கிட்ட ஜாஸ்தி அடிக்குது பாரு."

பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்த மூக்குக்கு எப்படித் தெரியும்? கவியைப் பொறுத்தவரை அது அம்மா வாசனை, அப்பா வாசனை. அவ்வளவுதான்.

ஆனால் சூப்பர்வைசருக்குத் தெரியுமே! கவி சட்டென்று திரும்பினாள்.

"அப்பா! கம்பெனியில இது எங்க ஒண்ணுக்குப் போவும்?"

"கொட்டகைக்குப் பின்னால தோல் துண்டைக் குவிச்சு வெச்சிருப்பாங்க. அது மேலதான். வேற எங்க..." அப்பா பாதியில் நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்.

பாவம், அதற்குக் கோபமும் இல்லை, கொழுப்பும் இல்லை. தோல் வாசனை அடிக்கும் இடம்தான் கக்கூஸ் என்று இத்தனை வருஷம் பழகியிருக்கிறது. ஒழுங்கான நாயாக ஒழுங்கான இடம் தேடிப் போயிருக்கிறது!

"ரெண்டு தோல் துண்டு கொண்டு வாங்கப்பா! பின்பக்கம் போட்டா அங்கயே போவும்!" என்றாள் கவி.

"கேட்ல செக் பண்ணுவாங்கம்மா. ஒரு நூலைக்கூட வெளியே எடுத்துட்டு வர முடியாது."

கவி பின்பக்கம் ஓடினாள். இந்தத் தடவை நிஜமாகவே ஓடினாள்.

"தொவைக்காதம்மா! நில்லு!"

சோப்புத் தண்ணீரில் ஏப்ரனை முக்கப்போன அம்மா திடுக்கிட்டாள். "இன்னாடி பேஜார் பண்ற?"

கவி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "உனக்குத்தான் இன்னொரு ஏப்ரன் இருக்கில்ல? இதை இப்படியே குடும்மா."

"தொவைக்கவே வேணாமா?"

"வேணவே வேணாம்."

அம்மா ஏப்ரனை அவள் கையில் கொடுத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கவியும் வஜீதாவும் பின்பக்க முருங்கை மரத்தடியில் ஏப்ரனை விரித்துக் கல் வைத்தார்கள். பையையும் இன்னொரு ஏப்ரனையும் உயரத்தில் ஆணியடித்து மாட்டினார் அப்பா.

சனிக்கிழமை சூப்பர்வைசர் ஆணியைப் பார்த்து முனகியது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் கவியின் பள்ளிக்கூட ஷூவுக்குள் பெய்தது.

"ஐயோ, அதுவும் தோல்தானே!" கவி தலையில் அடித்துக்கொண்டு ஷூவையும் பரணில் ஏற்றினாள். அழுகை வந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு நாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். தூக்கக் கலக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். சூப்பர்வைசர் முருங்கை மரத்தடிக்குப் போனது. ஏப்ரனை மோந்தது. ஒரு சுற்று சுற்றியது. காலைத் தூக்கியது.

கத்தக்கூடக் கவிக்குத் தெம்பில்லை. அதன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இன்னைக்கு எதைத் தொவைக்கணும்?"

"ஒண்ணுமே இல்லம்மா. மரத்தடியிலயே போய்ட்டான்." கவி கொஞ்சம் தயங்கினாள். "ஞாயித்துக்கிழமை ஆச்சேம்மா. சூப்பர்வைசரை..."

அம்மா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"இருக்கட்டும்டி, இருக்கட்டும். அதையும் தூங்க விடு, என்னையும் தூங்க விடு."