எண்ணெக்கறை

யாக்கூப் கண்ணுல மொதல்ல பட்டது அந்தக் கறை இல்லாததுதான். குவைத்து ரூம்ல சாப்பாட்டு நேரத்துல வீடியோ கால் போட்டு அறந்தாங்கி வீட்டைப் பாத்துக்கிட்டு இருந்தான், பொஞ்சாதி ரமீஜாவுக்குப் பின்னால, சேர் போட்ட எடத்துல, பத்து வருசமா வீட்டாளுக எண்ணெத் தலையைச் சாச்சுச் சாச்சுக் கறுத்துப்போன வட்டம் ஒண்ணு செவுத்துல இருக்கும், நேத்து வரைக்கும் இருந்துச்சு, இப்ப புதுசா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா கெடந்துச்சு.

"செவுத்தைத் தேச்சுக் கழுவுனியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க மச்சான். மழை பேஞ்சிருக்கும் போல, மண்ணு வாசம் தூக்குது."

அவ பின்னாடி ஜன்னல்ல வெயில் கொளுத்துச்சு.

வீட்டுக்குப் பின்னால முன்ன லாரிப் பட்டறை. வருசக்கணக்கா அங்க ஊத்துன வேஸ்ட் ஆயில் மண்ணுல எறங்கி இவங்க கெணத்துத் தண்ணியே டீசல் நாறும். போன மாசம் கோபிநாத்துன்னு ஒரு இஞ்சினியர் போன் பண்ணி, ஆயில் திங்கிற பாக்டீரியாவை டிரம் டிரம்மா மண்ணுல ஊத்தணும், சம்மதம் வேணும்னாரு.

"பசிச்சா எங்க வீட்டுக்குள்ள வந்துராதே சார்?"

"ஆயில் தீந்தா பட்டினியில அதுவே செத்துருங்க."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சரி, ஊத்துங்கன்னு சொன்னது யாக்கூப்புதான். கெணறு இப்ப கண்ணாடி மாதிரி.

மறுநாள் மத்தியானம் ரமீஜா எண்ணெ டின்னைக் காட்டுனா. மூடி தெறக்கல. ஓட்டை இல்ல. தெறந்து காட்டுனா, உள்ள கழுவிக் காய வச்ச மாதிரி இருந்துச்சு.

"இவ தலையையும் பாருங்க. காலையிலதான் சொட்டச் சொட்ட வச்சுவிட்டேன்."

அஞ்சு வயசு மக ஷிஃபா முடி தேங்கா நாரு மாதிரி நின்னுச்சு. ஒதடு வெடிச்சிருந்துச்சு. கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. நேத்து இப்படி இல்ல.

"அத்தா, கூசுது."

"எந்த எடத்துலம்மா?"

"எல்லா எடத்துலயும்."

ஒடம்புக்குள்ள இருக்க கொழுப்பும் எண்ணெதானன்னு அப்பத்தான் அவனுக்கு ஒறைச்சுச்சு. கோபிநாத்துக்கு அடிச்சான். சுவிட்ச் ஆஃப். ஊருக்குக் கெளம்பலாம்னா பாஸ்போர்ட்டு கம்பெனியில. மறுபடி வீட்டுக்கு அடிச்சான்.

"புள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பு. கட்டுமாவடிக்கு, ஒங்க அம்மா வீட்டுக்குப் போ. இப்பவே."

"பயமுறுத்தாதீங்க மச்சான். பர்தாவை எடுத்துட்டு வாரேன்."

அவ ஷிஃபாவை சேர்ல ஒக்கார வச்சு, போனை எதிர்ல சாத்தி வச்சுட்டு உள்ள போனா. ஷிஃபா சோர்ந்துபோய் செவுத்துல சாஞ்சா.

"சாயாதம்மா. எந்திரி."

படம் நின்னுபோச்சு. ஸ்கிரீன்ல வட்டம் சுத்துச்சு. ஜன்னலுக்கு ஓடுனான். சிக்னலுக்குப் போனைத் தூக்கிப் புடிச்சான். சத்தம் மட்டும் வந்துச்சு.

"ஷிஃபா?"

ரமீஜா.

"ஷிஃபா, எங்கிட்டு போன?"

படம் வந்துச்சு.

சேர்ல கவுன் மட்டும். செவுத்துல எண்ணெக்கறை. ஈரமா. தலை. தோளு. ரெண்டு கை. ஷிஃபா ஒசரம்.

ஓரத்துல இருந்து மெல்ல மெல்ல வெள்ளையாகிக்கிட்டு இருந்துச்சு.