விட்டதென்று சொல்லாத கிரகணம்

கிரகணம் பிடிப்பதற்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போதே உலக்கை நின்றுவிட்டது.

மஞ்சள் நீர் நிரப்பிய பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில் அதை நிமிர்த்தி வைத்துப் பார்க்கத்தான் அங்கமுத்துச் சோதிடர் நினைத்தார். சூரியனைக் கிரகணம் பற்றியிருக்கும் வேளையில் மட்டுமே உலக்கை தாங்குவார் இன்றி நிற்கும். கிரகணம் விடும்போது தானாகச் சாயும். பரமத்தி வேலூரில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர் பிடியைத் தளர்த்துவதற்கு முன்பே, எதிர்ப்புறத்திலிருந்து யாரோ வாங்கிக்கொண்டதைப் போல, அது அவருடைய உள்ளங்கையை விட்டு விலகி நிமிர்ந்தது. தாம்பாளத்து நீரில் ஒரு சிற்றலைகூட எழவில்லை.

சுவர்க் கடிகாரம் ஆறரை காட்டியது. மன்மத வருடம், ஆனி ஆறாம் தேதி, திங்கட்கிழமை, அமாவாசை. தரையில் சோழி பரப்பி மூன்று முறை போட்ட கணக்கின்படி, ஏழு மணி சுமாருக்குப் பிடித்து ஒன்பதரைக்குள் விட வேண்டும்.

"ஏனுங்கப்பா, புடிச்சிருச்சுங்களா?" உள்ளறையிலிருந்து மகள் தெய்வநாயகி கேட்டாள்.

"இன்னும் இல்ல சாமி. சும்மா படுத்திரு. நகத்தால கூட எதையும் கிள்ளாத."

"கிள்ளறதுக்கு இங்க என்ன இருக்குதுங்க, நானும் பாயுந்தான். உங்க பேரன்தான் உள்ளார உதைச்சுக்கிட்டே இருக்கறான். அவனுக்குச் சொல்லுங்க."

அவளுக்கு நிறைமாதம். கணவன் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறான். தலைப்பிரசவத்துக்காகத் தகப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். கிரகணம் பிடிக்கும் மிருகசீரிடமே அவளுடைய பிறந்த நட்சத்திரமும் ஆகையால், பனையோலை நறுக்கில் மந்திரம் எழுதி அவள் நெற்றியில் அவரே கட்டிவிட்டிருந்தார். வீட்டில் வெளிச்சம் புகாத அறை அந்த உள்ளறை ஒன்றுதான். உள்ளே தாழிட்டுக்கொண்டு அவள் படுத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் பெரியவர் தம் வாயால் விட்டது என்று சொன்ன பிறகே தாழை நீக்க வேண்டும்.

வாசலில் அடுத்த வீட்டுக் குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் சோசியரே, ஊருக்கெல்லாம் நேரங் குறிச்சுக் குடுத்துப்போட்டு நீங்க ஆத்துக்கு வரலீங்களா?"

"புள்ளைய உட்டுப்போட்டு எப்படீங்க வாரது?"

"அதுஞ் சரிதானுங்க. முழுகிப்போட்டு வந்து சொல்றேன். உங்க கணக்கு மட்டும் பிசகுச்சு, ஈரச் சேலையோட வந்து சண்டைக்கு நிப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டே காவிரிக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் தெரு முழுவதும் போயிற்று. குழந்தைகளின் குரல்கள் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டித் தேய்ந்து மறைந்தபின், அங்கமுத்து கதவைச் சாத்திவிட்டு, உள்ளறைக்கு நேரே பலகை போட்டு அமர்ந்தார். பதினெட்டு வருடங்களாக அந்த வீட்டில் அவர் கேட்டுப் பழகிய நிசப்தம்தான். இன்று அது வேறு யாருக்காகவோ இடம் ஒதுக்கிக்கொடுத்ததைப் போலிருந்தது.

கிரகணங்கள் வழி தவறுவதில்லை. பழைய பஞ்சாங்கங்களை ஒப்பிட்டு அவர் கண்டறிந்த உண்மை அது. பதினெட்டு வருடம், பதினொரு நாள், அதற்கும் மேல் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு காலம் கழித்து அதே கிரகணம் திரும்பி வரும். அந்த மூன்றில் ஒரு பங்கு மிச்சத்தால், சென்ற முறை உலகின் மறுபக்கத்தில் நிகழ்ந்தது இந்த முறை நம் தலைக்கு மேல் வந்து நிற்கும். இன்றையது அப்படி வந்ததுதான். சென்ற முறை ஈஸ்வர வருடத்து வைகாசியில், இங்கே நள்ளிரவு கடந்த வேளையில், எங்கோ கடலுக்கு அப்பால் அது நிகழ்ந்தது.

அன்று இதே அறையில் அவருடைய மனைவி சாலம்மாள் பிரசவ வலியில் கிடந்தாள். "ஏனுங்க, கிரகணம்னு சொன்னீங்களே, உட்டுருச்சுங்களா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்குத் தீட்டும் இல்லை, விலக்கும் இல்லை என்பது சாஸ்திரம். "இங்க புடிக்கவே இல்லியே சாலா, அப்பறம் எதை உடறது?" என்று அவர் சிரித்தார். அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. விடிவதற்குள் மருத்துவச்சி குழந்தையை மட்டும் வெளியே கொண்டுவந்தாள். அந்தக் குழந்தைதான் தெய்வநாயகி.

அவளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் உயிரோடு இந்தக் கதவுக்கு வெளியே பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கணக்குத் தவறாமல் கிரகணம் பிடித்தது. ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே தரையில் விழுந்த வட்ட வட்டமான வெளிச்சப் பொட்டுகள் ஓரம் கடிபட்டன. பிறகு நூறு பிறைகளாக மெலிந்து தரையெங்கும் கிடந்தன. வெயிலின் நிறம் பழைய விளக்கெண்ணெயைப் போல மங்கிற்று. காக்கைகள் கரைவதை நிறுத்தின. கொடிக்கால் பக்கமிருந்து வந்த ஈரக் காற்றில் வெற்றிலை வாசம் இருந்தது; அதனடியில், மெல்லியதாக, பிரசவ அறைகளில் மட்டுமே இருக்கும் வெந்நீரும் வேப்பிலையும் இரத்தமும் கலந்த வாசம் இருந்தது.

"அப்பா."

"என்ன சாமி?"

"இங்க யாரோ மூச்சு உடறாங்க."

"உன் மூச்சுதான் கண்ணு. இருட்டுல அப்படித்தான் கேக்கும்."

"நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பாத்தனுங்கப்பா. நிக்கலைங்க."

அவர் கதவில் காதை வைத்தார். மரம் குளிர்ந்திருந்தது. உள்ளே ஒரு மூச்சு. சிறியது, வேகமானது, அது மகளுடையது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நீண்டது, வலியைப் பல்லால் கடித்து விழுங்கும் மூச்சு. அதை அவர் அறிவார்.

"தெய்வநாயகி, சுவத்தோரமா தள்ளிப் படு."

பாய் உரசும் ஒலி. பிறகு எதுவும் இல்லை.

எட்டு மணி. எட்டேமுக்கால். பிறைகள் மீண்டும் பருத்தன. ஒன்பதரையாயிற்று. தரையில் எல்லாப் பொட்டுகளும் வட்டமாயின. வெயில் வெண்மையாக வந்தது. தெருவில் ஈரச் சேலைகளின் சலசலப்பு கேட்டது.

"சோசியரே, உட்டுருச்சுங்க!" குஞ்சம்மாளின் குரல். "சூரியன் முழுசா வந்தாச்சு. உங்க கணக்குக்கு ஒரு சர்க்கரைப் பொங்கல் வெக்கோணும்!"

அவர் உலக்கையைப் பார்த்தார்.

நின்றுகொண்டிருந்தது.

கடிகாரம் சரி. கணக்குச் சரி. வானமும் சரி. உலக்கை மட்டும் நின்றது. அவர் அதை விரலால் தொட்டார். அசையவில்லை. இரு கைகளாலும் தள்ளினார். அசையவில்லை.

"உட்டுருச்சுங்களா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. தெய்வநாயகியின் குரல். களைத்த குரல். "இடுப்பு வலிக்குதுங்க. உட்டுருச்சுங்களா?"

அவர் உலக்கையையே பார்த்தார். உலக்கை சாயட்டும். சாய்ந்த பிறகு சொல்லலாம்.

"உட்டுருச்சுங்களா?"

மூன்றாவது முறை. அது அழுகையாக இருந்தது. ஒருமுறை சொல்லாமல் இருந்து அவர் இழந்தது போதும். வெளியே வெயில் கொட்டிக்கிடக்கிறது. ஊரே சொல்லிவிட்டது.

"உட்டுருச்சு சாமி," என்றார். "வெளியே வா."

தாழ் நீங்கிற்று. கதவு அகலத் திறந்து சுவரில் மோதி நின்றது. மகள் வெளியே வந்தாள். அதே முகம், காலையில் உடுத்தியிருந்த அதே மஞ்சள் சேலை. "அம்மணி!" என்று எழுந்து கை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தலை குனிந்து, பக்கவாட்டில் நின்றாள். மகள்கள் தகப்பன் முன் அப்படி நிற்பதில்லை; சாலம்மாள்தான் அவர் முன் அப்படி நிற்பாள். சேலைக்குள் அவள் வயிறு தட்டையாக ஒட்டியிருந்தது.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "இதைச் சொல்ல இத்தனை நேரமுங்களா? எம் புள்ள எங்கீங்க?"

அங்கமுத்து அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். வெயில் முதன்முறையாக அந்த அறையின் பின்சுவர் வரை போயிருந்தது. பாய் இருந்தது. ஆள் இல்லை.

சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்த கதவில், உட்புறத்திலிருந்து, உள்ளே அடைபட்ட யாரோ தட்டுவதைப் போல, கண்ணுக்குத் தெரியாத ஒரு கை தட்டத் தொடங்கியது. தாழ் குலுங்கியது. கதவுப் பலகை அதிர்ந்தது. எதிரே யாரும் இல்லை. தட்டல் ஓயவில்லை. அதனடியில், அந்த மரத்துக்குள், அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.