சாப்பிட்டுவிட்டுப் போகலாம்

நாற்பத்தோராம் நாள் காலையிலும் செவ்வந்தியால் விரல்களை மடக்க முடியவில்லை.

விரல்கள் அவளுடையவைதான். மேலே ஒட்டியிருந்த தோல்தான் அவளுடையதல்ல. மூப்புறை என்று அதற்குப் பெயர். உடம்பெங்கும் படர்ந்து, மூட்டுகளை இறுக்கி, காதை மந்தமாக்கி, குரலை நடுங்கவைத்து, இருபத்து நான்கு வயதை எண்பத்தொன்றாக்கிவிடும். முதியோர் பராமரிப்பில் முதுகலை படிப்பவர்கள் நாற்பது நாள் அதற்குள் இருந்தபடி இல்லத்தில் வாழ வேண்டும். ஊக்கத்தொகையுடன் கூடிய பயிற்சி. யார் மாணவர் என்று பணியாளர்களுக்குச் சொல்வதில்லை. தெரிந்தால் கவனிப்பு நடிப்பாகிவிடுமாம். கெடு முடிந்ததும் மாணவர் தன் பெயரையும் எண்ணையும் பணியாளரிடம் சொல்ல வேண்டும். அவர் பதிவுப்பலகையில் ஏற்றினால் உறை தானாக உரிந்துவிடும். அதுவரை பயிற்சி தொடர்வதாகக் கணக்கு. தொகை வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் யாரும் தேட மாட்டார்கள்.

நேற்று மட்டும் மூன்று முறை சொல்லியாயிற்று.

பணியாளர் டெய்சி கஞ்சியோடு வந்தாள்.

“டெய்சி அக்கா, நான் செவ்வந்தி. ஸ்டூடண்ட். என் நம்பர் நாலு, ஏழு, ஒண்ணு...” கடைசி எண் நாக்கில் வரவில்லை.

“என்னப் போயி அக்காங்கிறீங்களே! எங்கம்மாவே உங்களவிடச் சின்னவங்க.”

“எழுதிக்கோங்க அக்கா. கெஞ்சிக் கேக்குறேன். நான் இன்னைக்கே போகணும்.”

டெய்சியின் கண்கள் கனிந்தன. கன்னத்தை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

“போலாம்மா. சாப்டுட்டுப் போலாம்.”

அது செவ்வந்தியே எழுதிய வாக்கியம். போகணும், போகணும் என்று தவிக்கும் முதியவர்களை மறுத்துப் பேசாதே. எந்தத் தமிழராலும் தட்ட முடியாத ஒன்றைச் சொல் என்று முதலாண்டுக் கட்டுரையில் எழுதியிருந்தாள். அதற்கு முதல் மதிப்பெண். பணியாளர் கையேட்டின் முதல் பக்கமே இப்போது அதுதான். போன வருடம் இதே கூடத்தில் அவளே அதைச் சோதித்தும் பார்த்திருந்தாள். இப்போது பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாள்தான் அன்று, “நாளைக்கு எனக்கு காலேஜ்ல வைவா இருக்கு, விடுங்க” என்று செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாக்கியம் நன்றாகவே வேலை செய்தது.

செவ்வந்தி கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். தொண்டை கிழியக் கத்தினாள். டெய்சி முகம் சுளிக்காமல் தரையைத் துடைத்தாள். பலகையில் ‘காலக் குழப்பம், அதிகரிக்கிறது’ என்று பதிந்துவிட்டு வேறு கஞ்சி எடுத்துவரப் போனாள்.

பக்கத்துக் கட்டில் மெதுவாகக் கிரீச்சிட்டது.

“கத்தாத. கத்துனா மருந்தக் கூட்டிருவாங்க.”

அந்த அம்மாள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சுருக்கம் விழுந்த முகத்தைச் செவ்வந்தியின் காதருகே கொண்டுவந்தாள்.

“நீ எந்த பேட்ச்?”